ஏரிக்கரைக்கு ஒரு மடக்குக் கதிரை

"தங்கச்சி, உங்கடை வான் இண்டைக்குச் சும்மாதானே நிக்குது?"

எங்கள் பேஸ்மென்றில் வாடகைக்கு இருக்கும் அகஸ்ரின் அண்ணை படியேறி வந்து, குசினி வாசலில் நின்று இப்படிக் கேட்டார். நான் வெங்காயம் வெட்டுவதை நிறுத்திவிட்டேன். எங்களோடு எத்தனையோ வருசமாக இருக்கிறார், தனக்காக எங்கேயும் கூட்டிக்கொண்டு போகச் சொல்லி ஒரு நாளும் கேட்டதில்லை. ஒருமுறை பனியில் வழுக்கிக் கையை முறித்துக்கொண்டார். பஸ்ஸில் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போய், கட்டுப் போட்டுக்கொண்டு வந்த பிறகுதான் அது எங்களுக்குத் தெரியும்.

"நிக்குது அண்ணை. எங்கை போகவேணும்?"

"ஒரு கதிரை வாங்கவேணும்."

"கீழை இருக்கிறது உடைஞ்சுபோச்சோ?"

"சீச்சீ, அது நல்லா இருக்குது. இது மடக்கிற கதிரை. ரெயிலருக்குக் கொண்டுபோறது."

"அட, ஷரோன் வரச் சொல்லிட்டாளோ?"

அவர் தன் சப்பாத்தைப் பார்த்தார். "முதல் கதிரை வரட்டும்" என்றார்.

ஷரோன் அவருடைய தம்பியின் மகள். தம்பி அல்பேட்டையும் மனைவியையும் கனடாவுக்கு எடுத்துவிட்டவர் இவர்தான். வந்த காலத்தில் அந்த இரண்டு பேரும் இரவு பகல் என்று மாறி மாறி வேலைக்குப் போனார்கள். இங்கே பிறந்த ஷரோனைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனதும், நீச்சல் வகுப்பில் ஈர வாங்கில் துவாயோடு குந்தியிருந்து காத்திருந்ததும், 'அருள் நிறைந்த மரியே' சொல்லிக் கொடுத்ததும் பெரியப்பாதான். அவர் ரெக்ஸ்டேலில் ஒரு பாண் சுடுகிற தொழிற்சாலையில் போறணைச் சூட்டில் நின்று உழைத்தவர். கலியாணம் செய்யவில்லை. ஏன் என்று யாராவது கேட்டால், "பொம்பிளை பாக்கப் போற நாளெல்லாம் எனக்கு நைற் சிஃப்ற் வந்திட்டுது" என்று சொல்லிச் சிரிப்பார்.

பிறகு அல்பேட் இருதய வருத்தத்தில் போய்விட்டார். ஷரோனின் தாய் மொன்றியலில் இருக்கும் மகனோடு போய் இருந்துவிட்டார். ஷரோன் சுலக்சன் என்ற பெடியனைக் கட்டி, நகரத்துக்கு மற்றப் பக்கத்தில் இருக்கிற விட்பியில் வீடு வாங்கினாள். அகஸ்ரின் அண்ணைக்கு இந்த ஊரில் சொந்தம் என்று மிஞ்சியவள் அவள் ஒருத்திதான். மாதத்தில் ஒருநாள் வருவாள். பழங்களும் பாலும் வாங்கிக்கொண்டு வந்து, அவருடைய மருந்துப் போத்தல்களைப் பார்த்து, கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்துவிட்டுப் போவாள். நல்ல பிள்ளை. அதில் ஒரு குறையும் இல்லை.

மூன்று கோடைக்கு முன்னர் ஷரோனும் சுலக்சனும் ஒரு ரெயிலர் வாங்கினார்கள். காரில் பூட்டி இழுத்துக்கொண்டு போகிற சின்ன வீடு. பாரி என்ற ஊருக்கு அப்பால் ஒரு ஏரிக்கரையில் இடம் எடுத்து அதை நிறுத்தியிருக்கிறார்கள். வைகாசியில் திறந்தால் இலை கொட்டும்வரை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அங்கே போய்விடுவார்கள்.

அந்த ரெயிலருக்கு ஒருமுறையாவது போகவேண்டும் என்பது அகஸ்ரின் அண்ணையின் மனதில் இருந்த ஆசை. அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் ஷரோன் போனுக்கு அனுப்பும் படங்களை என்னிடம் கொண்டுவந்து, "இதைப் பெருசாக்கிக் காட்டுங்கோ தங்கச்சி" என்று கேட்டு, ஏரியையும் மரத்தையும் நெருப்பைச் சுற்றி இருக்கிற ஆட்களையும் பார்த்துக்கொண்டு நிற்பதை நான் எத்தனை தரம் கண்டிருக்கிறேன்.

அப்படியானால் ஏன் போகவில்லை? ஷரோன் கூப்பிடவில்லையா? கூப்பிட்டாள். அங்கேதான் பிழை நடந்தது.

எங்கள் ஆக்களின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஒரு வீட்டுக்குப் போனால் "தேத்தண்ணி குடிக்கிறியளோ?" என்று கேட்பார்கள். "வேண்டாம், இப்பதான் குடிச்சிட்டு வந்தனாங்கள்" என்று சொல்லவேண்டும். குடித்திருக்கவேண்டும் என்றில்லை, தொண்டை காய்ந்துபோய்க்கூட இருக்கலாம். திரும்பவும் கேட்பார்கள். "சும்மா இருங்கோ, எங்களுக்கெண்டு அலட்டாதேயுங்கோ" என்று சொல்லவேண்டும். அதற்குப் பிறகு யாரும் கேட்பதில்லை. கோப்பை கைக்கு வந்துவிடும். அகஸ்ரின் அண்ணை இதில் எல்லாரையும்விட ஒரு படி மேல். கோயில் மண்டபத்தில் கூட்டம் என்றால் கதிரை போடுவதும் மடக்கி அடுக்குவதும் அவர்தான். எல்லாரும் இருந்த பிறகு பார்த்தால் பின்சுவரோடு நிற்பார். "இருங்கோவன் அண்ணை" என்றால், "எனக்கு நிக்கிறதுதான் சுகம்" என்பார்.

ஷரோன் இங்கே பிறந்து இங்கே படித்தவள். ஒருவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான், அவரை வற்புறுத்தக்கூடாது என்று பள்ளிக்கூடத்தில் படித்தவள். அது பிழையான படிப்பும் இல்லை.

முதல் வருசம் அவள் போனில் கேட்டாள். அவர் மேலே வந்து எங்கள் குசினியில் நின்றுதான் கதைத்தார், கீழே சிக்னல் குறைவு.

"பெரியப்பா, இந்த வீக்கென்ட் எங்களோடை வாறீங்களா?"

"வேண்டாம் பிள்ளை. நான் வந்து என்ன செய்யிறது? நீங்கள் சந்தோசமாப் போட்டு வாங்கோ."

"ஷுவரா?"

"ஓம் பிள்ளை."

"ஓகே பெரியப்பா. லவ் யூ."

போன் நின்றுவிட்டது. அவர் அதைக் காதிலிருந்து எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றார். அடுத்த கேள்வி வரும் என்று நின்றாரோ என்னவோ.

இரண்டாம் வருசம் அவரும் கொஞ்சம் இறங்கி வந்தார். "பாப்பம் பிள்ளை" என்றார். எங்களுக்குள் ஒருவர் பாப்பம் என்றால் அது முக்கால்வாசி ஓம். ஷரோனுக்கு அது மரியாதையாகச் சொல்லுகிற 'வேண்டாம்'. மூன்றாம் வருசம் அவள் கேட்கவேயில்லை. பெரியப்பாவுக்கு இதெல்லாம் பிடிக்காது, சும்மா கேட்டு ஏன் கரைச்சல் கொடுக்கவேண்டும் என்று நினைத்திருப்பாள்.

நான் ஒருநாள் சொன்னேன். "அண்ணை, நான் ஷரோனுக்கு ஒரு சொல்லுச் சொல்லட்டோ? உங்களுக்கு விருப்பம் எண்டு."

"மாதாவாணை சொல்லிப்போடாதேயுங்கோ தங்கச்சி! கேட்டுப் போற இடமே அது? அது என்ரை பிள்ளையின்ரை இடம். பிள்ளை கூப்பிடவேணும்."

அவர் அப்படிச் சொன்ன பிறகு என்ன செய்வது. இரவு செபமாலையில் அவருக்காக ஒரு மணி கூட்டிச் சொன்னேன், அவ்வளவுதான்.

இனி அந்தக் கதிரைக்கு வருகிறேன். வான் ஓடத் தொடங்கிய பிறகுதான் விசயத்தைச் சொன்னார். உயிர்த்த ஞாயிறு அன்று விட்பியில் சாப்பாட்டுக்குப் போயிருந்தபோது ஷரோன் ஒரு சிநேகிதியோடு போனில் கதைத்தாளாம். ரெயிலரில் இருக்கிற கதிரை காணாது, வருகிற ஆட்கள் தங்கள் தங்கள் கதிரையைக் கொண்டுவரவேண்டும் என்று சொன்னாளாம்.

"விளங்குதோ தங்கச்சி? அவளிட்டைக் கதிரை இல்லை. அதுதான் என்னைக் கேக்கேல்லை."

"கதிரை இல்லாததாலையோ அண்ணை?"

"பின்னை? வயசுபோன மனுசனைக் கூப்பிட்டிட்டு நிக்கவிடேலுமே? இப்ப நான் ஒண்டை வாங்கி வாசலடியிலை வைச்சால், வரேக்கை அவளுக்குக் கண்ணிலை படும்தானே. பிறகு கேப்பாள்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

தோட்டச் சாமான், தூண்டில், கூடாரம் எல்லாம் விற்கிற பெரிய கடை அது. நடுவில் பச்சைப் பிளாஸ்ரிக் புல்லு விரித்து, கடதாசியால் ஒரு நெருப்புச் செய்து வைத்து, அதைச் சுற்றி மடக்குக் கதிரைகளை விரித்து வைத்திருந்தார்கள். அகஸ்ரின் அண்ணை புல்லின் கரையில் நின்றுவிட்டார்.

"இதிலை இருக்கலாமோ, சும்மா பாக்க வைச்சதோ?"

"இருந்து பாக்கத்தான் அண்ணை வைச்சிருக்கினம். போங்கோ."

முதலாவது, பைக்குள் சுருட்டிப் போடுகிற துணிக்கதிரை. கைப்பிடியில் கோப்பை வைக்க ஓட்டை. அவர் இருந்த உடனே துணி கீழே போய், முழங்கால் இரண்டும் நெஞ்சுக்கு வந்துவிட்டது. எழும்பப் பார்த்தார், முடியவில்லை. கையைப் பிடித்து இழுத்துவிட்டேன்.

"இது கதிரை இல்லைத் தங்கச்சி, மீன்கூடு. உள்ளுக்குப் போகலாம், வெளியிலை வரேலாது."

அடுத்தது, சாய்ந்தால் கால் தானாக மேலே எழும்புகிற கதிரை. அவர் பயந்து பயந்து சாய, அது படீரென்று பின்னால் போய் அவரை மல்லாக்கப் படுக்க வைத்தது. இரண்டு கையையும் நெஞ்சில் வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்துச் சொன்னார்: "பெட்டியிலை வைச்ச மாதிரி இருக்குது. பூவும் மெழுகுதிரியும்தான் குறை."

"சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லாதேயுங்கோ, எழும்புங்கோ!"

மூன்றாவது பார்வைக்கு நல்லாய்த்தான் இருந்தது. ஆனால் முன்பக்கத்துக் குழாய் தொடைக்குக் கீழே வெட்டுகிறது என்றார். "கொஞ்ச நேரத்துக்குப் பறவாயில்லை. கனநேரம் இருந்தால் கால் விறைக்கும்."

"கனநேரம் இருப்பியளோ?"

"வேறை என்ன வேலை அங்கை? இருக்கத்தானே போறது" என்றார். அதைச் சொன்னபோது அந்தக் கடதாசி நெருப்பைப் பார்த்த பார்வையில், மனுசன் ஏற்கனவே ஏரிக்கரைக்குப் போய்விட்டார் என்று நினைத்தேன்.

கடைசியில் ஒன்று கண்ணில் பட்டது. கருநீலம். அலுமினியக் கால், தூக்கினால் பாரமில்லை. இருக்கை உயரமாக இருந்தது. கைப்பிடி உறுதி, அதில் ஊன்றி எழும்பலாம். முதுகுக்கு வலைத்துணி, நனைந்தாலும் கெதியில் காயும், கழுத்துவரைக்கும் தாங்கும். மடக்கினால் பலகைபோலத் தட்டையாகிவிடும். அவர் அதில் இருந்தார். முதுகை நிமிர்த்தி, இரண்டு கையையும் முழங்காலில் வைத்து, பாஸ்போட்டுக்குப் படம் எடுப்பதுபோல.

"சாய்ஞ்சு இருங்கோ அண்ணை. ஆரும் உங்களை எழும்பச் சொல்லமாட்டினம்."

சாயப் போன நேரத்தில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் மனைவியோடு அந்தப் பக்கம் வந்தார். அகஸ்ரின் அண்ணை துள்ளி எழும்பி, கதிரையைக் கையால் ஒருமுறை தட்டி, "பிளீஸ், சிற்" என்றார். அந்த மனுசன், இவரைக் கடை ஆள் என்று நினைத்தோ என்னவோ, நன்றி சொல்லி இருந்துவிட்டார். இருந்தவர் எழும்பவில்லை. சாய்ந்து பார்த்தார், மனைவியோடு கதைத்தார். இவர் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்.

"அண்ணை, அந்த நிறத்திலை உது ஒண்டுதான் மிச்சம்" என்று நான் காதுக்குள் சொன்னேன்.

"இருக்கட்டும். பாவம், வயசுபோன மனுசன்."

வயது பார்த்தால் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். நல்ல காலத்துக்கு அந்த அம்மாவுக்கு நிறம் பிடிக்கவில்லை, கணவனை எழுப்பிக்கொண்டு போனார். நான் அந்தக் கதிரையை மடக்கிக் கையில் பிடித்துக்கொண்டேன். அப்போதும் அவருக்கு ஒரு கவலை.

"கைப்பிடி அகலமாக் கிடக்குது. அவையின்ரை வட்டத்துக்குள்ளை இது கனக்க இடம் பிடிக்குமோ தங்கச்சி?"

"பிடிக்கட்டும் அண்ணை" என்றேன். எனக்குக் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

கதிரையைக் கொண்டுவந்து, பேஸ்மென்றுக்கு இறங்குகிற பக்கத்துக் கதவடியில் சாத்தி வைத்தார். ஷரோன் அந்த வழியால்தான் வருவாள். என்னுடைய மனுசன் இரண்டு தரம் அதில் தட்டுப்பட்டு விழப் பார்த்தார். "இதை உள்ளுக்கு வைக்கச் சொல்லன்" என்றார். "அது அதிலைதான் இருக்கவேணும்" என்று சொல்லிவிட்டேன். ஒரு பின்னேரம் நான் யன்னலால் பார்க்கிறேன், அகஸ்ரின் அண்ணை பின்வளவில் கதிரையை விரித்து, வேலியைப் பார்த்தபடி தனியாக இருக்கிறார். வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டுக் குப்பைப் பெட்டிதான். என்னைக் கண்டதும் எழும்பி, "சரியோ எண்டு பாத்தனான்" என்று மடக்கிவிட்டார்.

ஆனி மாதம் ஷரோன் வந்தாள். நான் கறிவேப்பிலைச் சாடியை வெயிலுக்கு வைத்துத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். அவள் கதவடிக்கு வந்து நின்றுவிட்டாள். கண்ணில் பட்டுவிட்டது! என் கை அப்படியே நின்றது.

"பெரியப்பா! வாவ், இது ஆரின்ரை கதிரை?"

"என்ரைதான் பிள்ளை. சும்மா, வாங்கினனான்." அவருடைய முகத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். முதற்பந்திக்கு நிற்கிற பிள்ளைகளின் முகம்.

ஷரோன் விரித்து இருந்து பார்த்தாள். "ஓ மை கோட், எவ்வளவு கொம்ஃபி! பெரியப்பா, ஒண்டு கேக்கட்டா?"

"கேள் பிள்ளை."

"சுலக்சன்ரை அம்மா இந்த வீக்கென்ட் ரெயிலருக்கு வாறா. மாமிக்கு முழங்கால் ஏலாது, எங்கடை கதிரை எல்லாம் பதிவு, இருந்தால் எழும்பேலாது. இதை ஒருக்கால் கொண்டுபோகவா? சண்டே நைற் கொண்டுவந்து தாறன். பிளீஸ்?"

நான் தண்ணீர் வாளியை நிலத்தில் வைத்தேன். வேண்டாம் என்று ஒரு சொல், வாழ்நாள் முழுதும் பிழையான இடத்தில் சொன்ன சொல், இப்போது ஒருமுறை சரியான இடத்தில் வராதா என்று பார்த்தேன்.

"அதுக்கென்ன பிள்ளை. கொண்டுபோ" என்றார் அகஸ்ரின் அண்ணை. கொண்டுபோய்க் காரில் ஏற்றியும் விட்டார். எப்படி மடக்குவது என்று அவளுக்குக் காட்டிக் கொடுத்தார். மாமி எழும்பும்போது பின்பக்கத்தைப் பிடிக்கவேண்டும், புல்லில் கால் புதையும் என்று சொன்னார். கார் தெரு முனையால் திரும்பும்வரை கையைக் காட்டினார்.

அந்தச் சனிக்கிழமை மழை இருட்டிக்கொண்டு வந்தது. அவர் மேலே வந்து கேட்டார். "பாரிப் பக்கமும் மழையாமோ தங்கச்சி? போனிலை பாருங்கோவன்."

"ஓம், பின்னேரம் பெய்யுமாம்."

"அது நனைஞ்சாலும் காயிற துணிதான்" என்றார். பிறகு கீழே போனார். ரீவிச் சத்தம்கூடக் கேட்கவில்லை. நான் இடியப்பமும் சொதியும் கொண்டுபோய்க் கதவில் தட்டினேன். "வேண்டாம் தங்கச்சி, இப்பதான் சாப்பிட்டனான்" என்றார். நான் சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தேன். எங்களுக்குள் அது சுகமான வேலை.

ஞாயிறு பின்னேரம் ஷரோன் வந்தாள். கதிரைக் காலில் மணல் ஒட்டியிருந்தது. அகஸ்ரின் அண்ணை தண்ணீர்க் குழாயைப் பிடித்து அதைக் கழுவத் தொடங்கினார். நான் காய்ந்த உடுப்பு எடுத்துக்கொண்டு நின்றேன்.

"மாமி நாள் முழுக்க இதிலைதான் பெரியப்பா. எழும்பவேயில்லை." ஷரோன் கார்த் திறப்பைக் கையில் எடுத்தாள். போகிற போக்கில், பழக்கத்தில் சொல்வதுபோலச் சொன்னாள்: "நீங்களும் ஒருநாள் வரவேணும்."

"வேண்டாம் பிள்..."

அவர் நிறுத்திவிட்டார். தண்ணீர் கதிரையில் படாமல் புல்லில் ஓடிக்கொண்டிருந்தது. ஷரோன் இரண்டடி நடந்துவிட்டாள். மாதாவே, மனுசனுக்கு வாயைத் திறந்துவிடு என்று நான் உடுப்புக் கூடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

"வாறன்" என்றார்.

ஷரோன் திரும்பினாள். "வாட்?"

"வாறன் எண்டு சொன்னனான். எனக்கு வர விருப்பம். கதிரை அதுக்குத்தான் வாங்கினனான்."

அவள் கதிரையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "நீங்கள்தானே வேண்டாம் எண்டீங்கள். நான் கேட்டனான், பெரியப்பா. ரெண்டு வருசம் கேட்டனான்."

"ஓம் பிள்ளை. ஒவ்வொருக்காலும் ஒரு தரம்தான் கேட்டனீ. எங்கடை ஆக்களை ரெண்டு மூண்டு தரம் கேக்கவேணும்."

"ஏன்?"

அவர் என்னைப் பார்த்தார். எனக்கும் தெரியவில்லை. ஷரோனின் முகம் மெல்ல மாறிக்கொண்டு வந்தது. எதையோ பின்னுக்குப் போய்த் தேடுவதுபோல இருந்தது.

"அப்ப நயாகரா போகேக்கை கேட்டனே? அதுவும்...?"

"போகலாம் எண்டுதான் இருந்தது."

"ஃபுளோரிடா?"

அவர் குழாயைப் பூட்டினார்.

"ஓ மை கோட், பெரியப்பா" என்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாமல் வந்து அவரைக் கட்டிப்பிடித்தாள். அவருடைய சேட்டெல்லாம் நனைந்திருந்தது. "நனையிறாய், நனையிறாய்" என்று மட்டும் சொல்லிக்கொண்டு நின்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் போனார். ஞாயிறு இரவு சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பிவிட்டார். முகம் கறுத்து, கையெல்லாம் நுளம்புக் கடி. நான் தேத்தண்ணியை முதல் ஊற்றி வைத்துவிட்டுத்தான் கேட்டேன்.

"எப்பிடி அண்ணை இருந்தது?"

"நல்ல இடம் தங்கச்சி. பெரிய தண்ணி. ரெயிலருக்குள்ளை ஃபிறிட்ஜெல்லாம் இருக்குது." ஒரு மிடறு குடித்தார். "அவையின்ரை சிநேகிதர் கொஞ்சப்பேர் வந்தவை. எல்லாம் இங்கிலிசிலைதான் கதை. பாதி விளங்கேல்லை. பிறகு அவையள் படகோட்டப் போட்டினம். நான் கதிரையைத் தண்ணிக்குக் கிட்டக் கொண்டுபோய் இருந்து செபமாலை சொன்னனான்."

"தனியவோ?"

"தனியத்தான். இஞ்சை இருக்கிற மாதிரித்தான்." யோசித்தார். "இஞ்சை இருக்கிற மாதிரியும் இல்லை. படகிலை இருந்து அவள் ஒருக்கால் 'பெரியப்பா' எண்டு கூப்பிட்டுக் கையைக் காட்டினவள். கூப்பிட்டால் கேக்கிற தூரம்."

கோப்பையைக் கழுவி வைத்தார். கீழே போகப் படியில் கால் வைத்தவர் திரும்பினார்.

"ஆவணியிலை ஒரு வெள்ளிக்கிழமை என்னை விட்பியிலை கொண்டுபோய் விடுவியளோ தங்கச்சி? அவளுக்கு இஞ்சாலை வந்து ஏத்திக்கொண்டு போறது சுத்து."

"விடுறன் அண்ணை. திரும்பவும் கூப்பிட்டிட்டாளோ?"

"இல்லை" என்றார். "நான்தான் கேட்டனான்."